இசைப்பிரியாவின் நெஞ்சுத்துடிப்பு

சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மணிமொழிக்கு மெல்லிய ஓசைகள் சரியாகக் கேட்காது. பேச்சை உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவாள். நெய்வேலி மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. இதய ஓசைகளை அவள் கற்றது மொபைலில்தான். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி, திரையில் ஓடும் அலைக்கோட்டைப் பார்த்து. ஆன்லைன் தேர்வுகளில் அவளுக்குத்தான் முதல் இடம். வார்டிலோ பாடம் எடுக்கும் மூத்த மருத்துவர் தேவயானி மொபைலைத் தொடவே விடமாட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துவிட்டு மற்றவர்கள் "கேட்டுச்சு" என்றால் மணிமொழியும் தலையாட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று நாளாக வார்டில் இருந்த மூன்று வயது இசைப்பிரியாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்பா வேலுமணி உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. உடன் படிக்கும் மூன்று பேர் குழந்தையின் நெஞ்சில் இரைச்சல் கேட்பதாகச் சொன்னார்கள். மணிமொழியின் முறை வந்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேக்கல மேடம். இதுவரைக்கும் கேட்ட மாதிரி நடிச்சேன்."

வேலுமணிதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"இருக்குங்க. குறை என் காதுல."

அவர் மகளின் சட்டையை விலக்கினார். "கைய வச்சிப் பாருங்க டாக்டரம்மா. ஷிஃப்ட் முடிஞ்சி வந்து படுத்தா எம்மேல ஏறிப் படுத்துக்கினு தூங்குவா. பூன மாதிரி குர்ருகுர்ருனு அதிரும்."

மணிமொழி உள்ளங்கையைப் பதித்தாள். விலா எலும்புகளுக்கு அடியில் நடுக்கம் ஓடியது. "இதயத்துச் சுவர்ல ஓட்டை இருக்கலாம் மேடம்."

தேவயானியும் தொட்டுப் பார்த்தார். "மூணு நாளா இவர யாருமே கேக்கலியே," என்றார். பிறகு மணிமொழியிடம், "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"படிப்ப நிறுத்திடுவீங்கனு பயம்."

மறுவாரம் தேவயானி, அலைக்கோட்டைத் திரையில் காட்டும் ஸ்டெத் ஒன்றைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து அவள் கழுத்தில் மாட்டினார். "கையையும் விட்டுடாத," என்றார்.

ஸ்கேனில் ஓட்டை உறுதியானது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு மாதம் கழித்து இசைப்பிரியா வந்தாள். மணிமொழி திரையைத் திருப்பி வேலுமணிக்குக் காட்டினாள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கோடு இரைச்சல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இசைப்பிரியா ஸ்டெத்தைப் பிடித்து இழுத்து அவர் சட்டைமேல் வைத்தாள்.

"அப்பாவுக்கும் பாரு."

திரையில் வேலுமணியின் நெஞ்சு படபடவென்று ஓடியது.