மூன்று வருடப் பழக்கம்

மாவனல்லையில் துணிக்கடை வைத்திருக்கும் எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பொய்யாவது வேண்டும். "கொழும்புல வாங்கின விலையே இதுதான் தங்கச்சி" என்பது அதில் முதலாவது. இரண்டாயிரமாம் ஆண்டு, றப்பர்த் தோட்டத்துச் செபஸ்ரியன் கடைக்கு வந்த அன்று மட்டும் எனக்கு உண்மை பிடித்துக்கொண்டது.

அவர் மனைவி பிலோமினம்மாவுக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இவர் கூட இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, அதனால் அடையாள அட்டை வரவில்லை. யுத்த காலம்; அட்டை இல்லாத தமிழரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்து வைப்பார்கள். சோதனைச் சாவடியில் காட்ட, கடை சீல் குத்திய ஒரு கடிதம் கேட்டார்.

"பத்து வருசமா தெரியும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மொதலாளி."

"மூணு வருசம்தானே நீங்க நம்மட கடைக்கு வாறீங்க?"

"சரிதாங்க. பத்துன்னா பொலிஸ்காரன் மறுபேச்சு பேசமாட்டான்."

என் கூடப்பிறந்த மூத்தவர் கபூர் நானா, அழுது வந்தவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர். முன்பொருமுறை முகமறியாத ஒருவனுக்கு நற்சாட்சி எழுதிக் கொடுத்தார். அவன் அதைக் காட்டி ஒரு கிழவியின் நகையோடு ஓடிவிட்டான். கிழவி எங்கள் கடை வாசலில் மண் வாரித் தூற்றினாள். இனி ஒரு வரியும் பொய் எழுதுவதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தேன்.

"பொய்க்கு சீல் குத்த எனக்கு ஏலா" என்றேன்.

"சாரி விக்கக்குள்ள இந்த ஹாஜியார் எங்க போறார்?" என்றார் கல்லாவிலிருந்த நானா.

அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கடிதமில்லாமல் போன செபஸ்ரியனை வழியில் இறக்கி எட்டு நாள் அடைத்து வைத்தார்கள். அதே பஸ்ஸில் கடைக் கடிதம் வைத்திருந்த இருவரை விட்டுவிட்டார்களாம். பிலோமினம்மா, புருஷன் எங்கே என்று தெரியாமல், பக்கத்துக் கட்டில்காரி ஊட்டிய கஞ்சியில் கிடந்திருக்கிறார்.

அடுத்த மாதம் செபஸ்ரியன் மனைவிக்கு ஒரு நைட்டி வாங்க வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஒன்னு கேக்கலாங்களா மொதலாளி? மூணு வருசம்னே எழுதியிருக்கலாமில்லீங்களா? அது உண்மதானே."

ஆயிரம் ரூபாய்ச் சேலையை எழுநூறுக்கு இறக்கும் ஆட்களோடு இருபது வருடம் மல்லுக்கு நின்றவன் நான். கடிதம் கேட்டு வந்த அன்று, பத்து என்று அவர் கேட்ட விலையை மறுத்தேன். என் விலையைச் சொல்லவே இல்லை.

நானா கல்லாவில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"இது எவ்வளவுங்க?" என்று நைட்டியைக் காட்டினார் செபஸ்ரியன்.

வாய் பழக்கத்தில் கூட்டிய விலையையே சொல்லிவிட்டது. அவர் பேரம் பேசவில்லை. கொடுத்துவிட்டுப் போனார்.