ஒன்பது வீடுகளுக்கு ஒரு குரல்

என்னை ஊரில் கேபிள்காரன் என்பார்கள். கேபிள் போய்க்கொண்டே இருக்கிறது, பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. சிவப்பிரகாசம் என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் சும்மா கிடக்கிறது. சேவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேபிள்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். காட்டுகிறவர் வீட்டில் கேபிள் இருக்காது, அது வேறு விஷயம்.

அறுநூறு வீட்டுக்கு லைன் கொடுத்த காலத்தில் சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் ஆரம்பித்தேன். ரேணுகா விஷன். படவேட்டு அம்மன் பெயர் என்று ஊர் நினைத்தது. நானும் மறுக்கவில்லை. உண்மையில் அது என் பெண்டாட்டி ரேணுகாம்பாளின் பெயர். அதைச் சொன்னால் டீக்கடையில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

தேர்த் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, குடிதண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அந்தச் சேனலில் வரும். மற்ற ஊர்களில் இதையெல்லாம் படத்துக்குக் கீழே எழுத்தாக ஓட விட்டால் போதும். எங்கள் ஊரில் அது செல்லாது. இங்கே வீட்டுக் கூடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். டிவிக்கு மிஞ்சுவது நெய்கிறவருக்குப் பின்பக்கத்து மூலை. நெய்கிறவர் பகல் முழுக்க டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் பட்டு இழையை விட்டு நகரக் கூடாது. ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் டிவி பார்ப்பதில்லை, டிவி கேட்பார்கள். படத்தில் யார் யாரை வெட்டினாலும் அவர்களுக்குச் சத்தம்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் ரேணுதான். "எழுதிப் போட்டா யாருங்க பாப்பாங்க? நான் படிக்கிறேன்" என்றாள். சாமான் அறையில் நாலு பக்கமும் போர்வையைக் கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து படித்தாள். நிதானமாகப் படிப்பாள். தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடும் என்று எதையும் இரண்டு தடவை சொல்வாள். இறந்தவர் பெயரை மட்டும் சொல்லி விடமாட்டாள். எந்தத் தெரு, யாருக்குப் பெண்டாட்டி, யாருக்கு அத்தை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் சொல்லி முடிப்பாள். கேட்டவர்கள் தறியை விட்டு எழுந்து கால் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். அவள் சொல்லி, ஆள் வராத எழவு இந்த ஊரில் கிடையாது.

அவளுக்கு முழங்கால் வலி. வெளியே அதிகம் போகமாட்டாள். அதனால் ஊருக்கு அவள் குரல்தான் தெரியும், முகம் எங்கள் தெருவைத் தாண்டித் தெரியாது. ஒரு முறை மளிகைக் கடையில் போய்த் தனியாத்தூள் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பொட்டலம் மடிக்கிற கையை நிறுத்தி, "நீங்க டிவில சாவு சொல்ற அம்மாதானே?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது தானாகவே சிரித்துவிட்டாள்.

பிறகு நெட் வந்தது. நான் பிழைக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. அடுத்தவன் வந்து என் வாடிக்கையைப் பிடுங்குவதற்கு முன்னால் நானே ஒரு நெட் கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனேன். அதே கம்பங்களில் நானே ஏறி ஃபைபர் இழுத்தேன். வீடு வீடாகப் போய்ப் பழைய கேபிள் பெட்டியைக் கழற்றி, நெட் பெட்டியை மாட்டி, படம் பார்க்கிற ஆப்பெல்லாம் போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம் என்று ஊர் குதித்தது. நானும்தான் குதித்தேன். கழற்றின பெட்டிகளெல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கூரை வரை ஏறின.

"அப்ப நம்ம சேனலுங்க?" என்று ரேணு கேட்டாள்.

"அத்த யாரு பாக்கறாங்க இப்ப?"

"பாக்க வேணாம். கேட்டுகினு இருக்காங்களே."

அவளிடம் எண்ணிக்கையை நான் சொல்லவில்லை. இருநூறு வீடாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அது ஒன்பது ஆகிவிட்டது. ஒன்பது வீட்டுக்கும் அதே மாதிரி தினம் காலையில் வெந்நீர் குடித்துவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து இரண்டு இரண்டு தடவையாகப் படித்தாள். படித்துவிட்டு வந்து, "இன்னிக்கி யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பாள். "பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரு சொன்னாங்க, நல்லா இருந்துச்சாம்" என்பேன். பொய்தான். அவள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அது தேவையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்து வீட்டு ஜெயம் ஓடிவந்து கண்ணை மூடிவிட்டு, வாயைக் கட்டினாள்.

தெள்ளாரிலிருந்து மச்சான் வந்தான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவன் போன் போட்டான். "ஊருக்கு யாரு மாமா சொல்றது?" என்று கேட்டான்.

"ஊருக்கு நான் டிவில போட்டுக்கறேன்" என்றேன்.

ஜெயம் தயங்கித் தயங்கி, "அண்ணா, வாட்ஸ்அப்புல போட்டுடலாமே, ஜல்தியா எல்லாருக்கும் போய்டும்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "இருவது வருஷமா ஊரு சாவையெல்லாம் டிவில சொன்னவ. அவளுக்கு வாட்ஸ்அப்பா?" என்று கத்திவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாமான் அறைக்குள் போனேன். அவள் படத்தைப் போட்டேன், மாலையைப் போட்டேன், விவரத்தை டைப் அடித்தேன். மைக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். 'சேவூர் பஜனைக்கோவில் தெரு' வரைக்கும் வந்தது. அதற்குமேல் வாய் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அங்கேயே நின்றது. சினிமாப் பாட்டை ஓட விடவும் மனசு வரவில்லை. சத்தம் எதுவும் இல்லாமல் படத்தையும் எழுத்தையும் மட்டும் ஓட விட்டு வெளியே வந்தேன். நாலு மணிக்கு எடுப்பதாகப் போட்டிருந்தேன்.

ஊர் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பெட்டிகளைக் கழற்றியது நான். மாடிப்படிக்குக் கீழே அடுக்கியது நான். ஒன்பது என்ற கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு தெரிந்தும், வாசலில் வாடகை நாற்காலி நூற்றைம்பது போடச் சொன்னேன். கை பழகின வழியில் போய்விட்டது, புத்தி கூடவே போகவில்லை.

தெருக்காரர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒரு முப்பது பேர் வந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு வழியில் போன நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மிச்ச நாற்காலியெல்லாம் வெயிலில் காய்ந்தன.

ரெண்டு மணிக்கு என் போன் அடித்தது. ஜரிகைக் கடை காத்தவராயன். அவன் அப்பா செத்தபோது ரேணு படித்த அறிவிப்பைக் கேட்டு ஐந்நூறு பேர் வந்ததாக வருஷக்கணக்கில் பெருமை பேசியவன். விஷயம் தெரிந்துதான் கூப்பிடுகிறான் என்று எடுத்தேன்.

"இன்னா கேபிள், நெட்டு சுத்திகினே இருக்குது. மேட்ச் பாதில நிக்குதுபா. ஆளனுப்பு" என்றான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அவன் நல்லவன், போட்டது போட்டபடி ஓடிவந்திருப்பான், கடைத்தெருவையே கூட்டிவந்திருப்பான். எனக்கு அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. ஊரில் யார் செத்தாலும் சொல்வது அவள் வேலையாகவே இருந்துவிட்டது. நான் வயர் பிடிக்கிறவன்.

"நாளைக்கி வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலு மணி ஆனது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். அஞ்சு ஆனது. "பொழுது போவுது மாமா" என்று மச்சான் தோளைத் தொட்டான். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். எங்கள் பின்னால் வந்தவர்களை ஒரே பார்வையில் பார்த்துவிட முடிந்தது. அவளுக்கு அது தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்பதுதான் வழி முழுக்க என்னைத் தின்றது.

அதற்கப்புறம் வீட்டில் நான் தனி. மச்சான் காரியத்துக்கு வருகிறேன் என்று போய்விட்டான். ஜெயம் சோறு கொண்டுவந்து வைப்பாள். நான் போனை எடுப்பதில்லை. நெட் வேலை செய்யவில்லை என்பதைத் தவிர என்னிடம் பேச ஊருக்கு வேறு விஷயம் இல்லை என்று எல்லார் மேலும் ஆத்திரமாக இருந்தது. சேனலில் அவள் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினால் அவள் இரண்டாவது தடவை போய்விடுவாள் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் காலையில் ஏதோ ஞாபகத்தில் போனை எடுத்துவிட்டேன். "தம்பி, நான் அபிதகுசாம்பா பேசறேன், ஏரிக்கரைத் தெரு. உங்க சேனல்ல நாலஞ்சு நாளா சத்தமே வரல. வந்து பாக்கறியா?" என்றது குரல்.

சேனலில் சத்தம் வரவில்லை என்று ஒருத்தர் சொல்கிறார். ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துக்கக்காரன் வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்று ஜெயம் தடுத்தாள். நான் பைக்கை எடுத்துவிட்டேன்.

அபிதகுசாம்பாள் அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தனிக்கட்டை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்து மூலையில் டிவி. அதில் மாலையோடு என் ரேணு.

"வா தம்பி. பெட்டில கோளாறா, டிவில கோளாறா தெர்ல. ஊமையா கெடக்குது" என்றார், கையை நிறுத்தாமல். "வேற சேனல்லாம் பேசுது. இது மட்டும்தான் பேசல."

நான் டிவிக்கு முன்னால் போய் நின்றேன். சரிசெய்ய அங்கே ஒன்றுமில்லை.

"அதுல ஒரு அம்மா படம் ஓடிகினே இருக்குது பாரு" என்றார். "பாவம், யாரு பெத்த பொண்ணோ. சாப்பிட எழுந்துக்கும்போதெல்லாம் பாக்கறேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. எந்தத் தெரு, யாரு வூட்டு பொண்ணு, ஒண்ணியும் தெர்ல. உன் சம்சாரம் வந்து சொல்லும், சொன்னா போயிட்டு வரலாம்னு பாத்துகினு இருக்கேன். அது ஏன் தம்பி இன்னும் சொல்லல? ஒடம்பு சரியில்லையா?"

நான் குழிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தறி நின்றது.

"அக்கா, அதான் அவ" என்றேன்.

"எவ?"

"ரேணு. என் சம்சாரம். வியாழக்கெழம காலையில போய்ட்டா."

அஞ்சு நாளில் அன்றைக்குத்தான் அதை என் வாயால் சொன்னேன். சொன்னதும் அழுகை பிய்த்துக்கொண்டு வந்தது. ஆற்றங்கரையில்கூட நான் அப்படி அழவில்லை.

அக்கா குழியிலிருந்து மெல்ல ஏறி வந்தார். டிவிக்குக் கிட்டே போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதானா அது மொகம்?" என்றார். "இவ்ளோ வருஷமா தெனம் எங்கூட பேசிகினு இருந்துச்சே தம்பி. அது மொகத்தப் பாத்தும் எனக்குத் தெரியாம போச்சே. யாரோன்னு நெனச்சிகினு சோறு துன்னேனே."

பெரிய குரலெடுத்து அழுதார். பிறகு கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து, "எழுந்திரு, உங்க வூட்டுக்கு வரேன்" என்றார்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரை தாண்டும்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டார்.

"அந்தக் கொரலுக்கு ஊரே தெரண்டு வந்திருக்குமே தம்பி?"

"நீங்க வர்றீங்கக்கா" என்றேன்.