நூலை நிறுத்தச் சொன்ன கதை

1.

இந்தக் கதை ஒரு சொல்லின் கோளாறால் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (ஒப்புக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சில ஆரம்பங்களை எழுதிப் பார்த்தேன். "அவள் சி என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுகிறவள், நான் தமிழில் கதை எழுதுகிறவன், எங்கள் இருவருக்கும் நடுவே" என்று ஒன்று. நடுவே என்ன, சாப்பாட்டு மேசைதான். அடித்துவிட்டேன். இன்னொன்று "அன்று மழை" என்று தொடங்கியது. மழை பெய்யவே இல்லை.

நேராகவே சொல்கிறேன். பெயிண்ட் கடைகளில் நிறம் கலக்கும் இயந்திரத்துக்கு என் மனைவி நிரல் எழுதுகிறாள். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று நீலத்தை ஊற்றும், ஒன்று டப்பாவைக் குலுக்கும், ஒன்று பொத்தான்களைக் கவனிக்கும். ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். கல்யாணமான புதிதில், இதையெல்லாம் தமிழில் சொல்லேன் என்று நான்தான் அவளை நச்சரித்தேன். "சரி, நூல்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் த்ரெட் என்றால் நூல். நானோ என் முதல் நூலை அச்சுக்குக் கொடுத்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருப்பவன். வம்பு வேறு எங்கிருந்து வரவேண்டும்?

2.

பெயிண்ட் கடைக்காரர் போன் செய்தார். வாடிக்கையாளர்கள் பாதியில் மனம் மாறி "இந்த நீலம் வேண்டாம்" என்பார்களாம். அதற்குத்தான் நிறுத்தும் பொத்தான்.

"அமுக்குனா உடனே நிக்குதும்மா. ஆனா அதுக்கப்புறம் எதை அமுக்குனாலும் அசையல. கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கு."

போனை வைத்ததும் எனக்கு வகுப்பு நடந்தது.

"நீல நூல் குழாயைப் பூட்டி, சாவிய கையில வச்சுக்கிட்டுத்தான் ஊத்தும். அந்த நேரத்துல பட்டுனு கொன்னா சாவியும் அதோட போயிடும். அடுத்து வர்ற நூலெல்லாம் சாவிக்காக நின்னுக்கிட்டே இருக்கும்."

"அப்ப எப்படித்தான் நிறுத்தறது?"

"நிறுத்துன்னு கோரிக்கை மட்டும் வைக்கணும். தூங்கற இடம், காத்திருக்கற இடம்னு சில இடங்கள் இருக்கு. அங்க வந்ததும் அது கோரிக்கையைப் பாக்கும், சாவியத் திருப்பிக் குடுக்கும், தானா நிக்கும். முக்கியமான வேலையில இருந்தா, இப்போதைக்கு எதையும் பாக்க மாட்டேன்னு கதவைச் சாத்திக்கவும் செய்யலாம்."

"வச்ச கோரிக்கையை வாபஸ் வாங்கலாமா?"

"அதுக்கு வழியே இல்ல. வச்சது வச்சதுதான்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: சாவியைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டுமாம். அதற்குத் தொடக்க வரி ஒன்று, முடிவு வரி ஒன்று. தொடக்க வரிக்குள் ஓர் அடைப்புக்குறி திறந்தபடி ஒளிந்திருக்கிறது, அதை மூடுவது முடிவு வரிக்குள் இருக்கிறது. ஜோடியில் ஒன்றை விட்டால் நிரல் ஓடுவது இருக்கட்டும், உருவாகவே உருவாகாது. "உங்களுக்கு ஒத்து வராத மொழி" என்றாள்.)

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் பிறை அடைப்பைத் திறப்பேன், மூட மறப்பேன். என் பதிப்பாளர் அம்மா எனக்கு வைத்திருக்கும் பெயரே பிறைதான். "என்ன பிறை, இன்னிக்கு எத்தனை திறந்து போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக மூடுவார். தங்கமான மனுஷி. ஒரே ஒரு பிடிவாதம்: வேண்டாம் என்று ஒரு தடவை சொன்ன எழுத்தாளரின் நூலை மறுபடி தொடமாட்டார். கெஞ்சிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பலித்ததில்லை.

3.

என் நூலின் கடைசித் திருத்தப்படியை வாசிக்கிறேன் என்று மனைவி கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்தி அனுப்பினேன்:

"நூல் எப்படி இருக்கு?"

பதில் வந்தது:

"பாதியிலேயே தொங்குது. நிறுத்தச் சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படியும் ஓர் ஆள் இருப்பானா, ஒரு போன் போட்டுக் கேட்கமாட்டானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவனை மாற்றி எழுதிப் பார்த்தேன்: "அவன் சிரித்துக்கொண்டே மனைவியை அழைத்து" ... இல்லை, அழைக்கவில்லை. அவன் நொறுங்கிப் போய்விட்டான். அவள் என் எழுத்தை ஒருநாளும் சும்மா புகழ்ந்தவள் இல்லை, சும்மா இகழ்ந்தவளும் இல்லை. அவளே பதிப்பாளரிடம் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள் என்றால், அந்த நூல் எதற்கு?

பதிப்பாளர் அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். "என் மனைவி சொன்னது சரிதான். நூலை நிறுத்திவிடுங்கள்." அனுப்பியும் விட்டேன். அவசரக் குடுக்கை.

4.

சாயங்காலம் அவள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"நின்னுடுச்சுங்க! நிறத்தைக் கணக்குப் போடற நூல் கணக்குலயே சுத்திட்டிருந்துச்சு, தூங்கவும் இல்ல, காத்திருக்கவும் இல்ல. நிறுத்தச் சொல்லியும் அதுக்குக் காதுலயே விழல. நடுவுல 'கோரிக்கை ஏதாவது இருக்கா பாரு'ன்னு ஒத்தை வரி போட்டேன். நின்னுச்சு, சாவியக் குடுத்துச்சு, அடுத்த டப்பா ஓடுச்சு. கடைக்காரர் கை தட்றாரு."

"எந்த நூல்?"

"பெயிண்ட் நூல்தான். மத்தியானம் கேட்டீங்களே?"

நான் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்க புத்தகத்தை நான் காலையிலயே முடிச்சுட்டேன். கடைசிக் கதையில நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுட்டேன். நடந்து போனேன்."

இதைவிடப் பெரிய விமர்சனம் எனக்கு இனி யாரும் எழுதப்போவதில்லை. எழுதவும் நூல் இருக்க வேண்டுமே!

"தப்பாச் சொல்லிட்டேன்னு இன்னொரு மெயில் போடட்டுமா?"

"போடுங்க. ஆனா வச்ச கோரிக்கை வச்சதுதான். மெயிலை அவங்க பாத்தாங்களா?"

பார்த்திருக்கமாட்டார். பதிப்பாளர் அம்மா மத்தியானத்திலிருந்தே விமானத்தில் இருந்தார். அச்சகத்து மேலாளரை மனைவியே அழைத்தாள்.

"எனக்கு எந்தத் தகவலும் வரலம்மா. கடைசி ஃபாரம், அதான் கடைசிப் பதினாறு பக்கம், மட்டும்தான் பாக்கி. அதுல நாலு பக்கம் காலியா கெடக்கு, சார்கிட்ட ஏதாவது கேக்கணும்னு நெனச்சேன். குடுத்தீங்கன்னா அம்மா போனுக்கு அனுப்பிடுவேன். இறங்குனதும் அச்சக வேலையத்தான் மொதல்ல பாப்பாங்க, மெயிலெல்லாம் அப்புறம்தான். அவங்க சரின்னாத்தான் ஓட்டுவேன்."

மனைவி போனை வைத்துவிட்டு என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எழுதுங்க. மறைக்காம எழுதுங்க. அவங்க மெயிலைப் பாக்கறதுக்கு முன்னாடி இதைப் பாக்கட்டும்."

அந்த நாலு பக்கம்தான் இது.

5.

முடிவுகளை முயன்று பார்த்தேன். பதிப்பாளர் அம்மா விமான நிலையத்திலேயே வாய்விட்டுச் சிரிக்கிறார் என்று ஒன்று. எனக்கே கூச்சமாக இருந்தது. கதையைப் படித்தபின் மின்னஞ்சலையும் படித்து, "வேண்டாம்னா வேண்டாம்" என்று போனை உள்ளே வைக்கிறார் என்று இன்னொன்று. அதைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். "அவர் கன்னத்தில் கை வைத்து" என்று ஆரம்பித்த மூன்றாவதை மனைவி எட்டிப் பார்த்து, "அவங்க என்ன செய்வாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாது.

ஆகவே அம்மா, உங்களிடமே பேசுகிறேன். இதை முதலில் வாசிப்பவர் நீங்கள்தான். உங்கள் பெட்டியில் என் மின்னஞ்சல் ஒன்று காத்திருக்கிறது. அதை நான்தான் அனுப்பினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். நூல் வேண்டாம் என்று அதை எழுதவில்லை, அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்ற பயத்தில் எழுதினேன். எனக்கு இந்த நூல் வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஒப்புக்கொள்ள இன்னொன்று இருக்கிறது என்றேனே, அது இதுதான்: இந்தக் கதையில் திறந்த பிறைகளையெல்லாம் பொறுப்பாக மூடியிருக்கிறேன். முதல் பத்தியில் திறந்ததை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதை மூட உங்கள் சிவப்புப் பேனாவின் ஒரு கீற்று போதும். மூட மனமில்லை என்றால் இந்தப் பக்கம் யார் கைக்கும் போகப்போவதில்லை, அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

உங்களுக்குப் பின்னால் வாசகர் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை: நான் எழுதியது இந்த வரியோடு நிற்கிறது. இதற்குக் கீழே ஏதாவது இருந்தால், அதைப் போட்டது நான் இல்லை.

)