ரோஜாவும் டோக்கனும்

வாசலில் ரோஜா ஒரு பக்கம், டோக்கன் ஒரு பக்கம் என்று ஏற்பாடு செய்தவன் அலெக்ஸ்தான். திண்டிவனம் அன்புக்கரங்கள் சங்கத்துக்கு அவன் செயலாளர். ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்குச் சங்கம் கல்யாண மண்டபம் பிடித்து, கேக் வெட்டி, நூறு ஏழைப் பெண்களுக்குச் சேலை கொடுக்கும். போன வருஷம் சேலை வாங்க வந்த நாலு பேர் உறுப்பினர்களின் குடும்பத்தோடு குஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குச் சில சீமாட்டிகள் பொங்கல் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் இந்த ஏற்பாடு. குடும்பத்தாருக்கு ஒரு ரோஜா, வலது பக்கம் குஷன் நாற்காலி. சேலைக்கு வருபவர்களுக்கு நம்பர் போட்ட மஞ்சள் டோக்கன், இடது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி.

"யாரு எவருன்னு கேட்டுக்கினு நிக்க வேணாங்க. ஆளப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்று கமிட்டியில் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றைய விழா அவனுக்கு ரொம்ப முக்கியம். அடுத்த தலைவர் யார் என்பதை விழுப்புரத்திலிருந்து வரும் மாவட்டத் தலைவர் சுப்பராயலு மேடையில் அறிவிக்கப்போகிறார். அது அலெக்ஸ்தான் என்று முன்கூட்டியே காதில் போட்டிருந்தார்கள். வளவனூர் பக்கத்துக் காலனியில் பிறந்து, அம்மா சவுரியம்மாள் கரும்பு வெட்டிப் படிக்க வைக்க, இப்போது கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன். சங்கத்தில் யாரும் ஊரைத் துருவிக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "வளவனூர்ல கரும்புத் தோட்டம்" என்று சொல்லி வைத்தான். தோட்டம் நிஜம்தான். அது அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

விழா அன்று காலையில் ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டான். மனைவி மலர்விழிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அம்மாவாவது வந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே ஆசைதான்.

"நீ விழுப்புரத்துக்குக் காரு எடுத்துக்கினு வர்றியாமே. நானும் அதுலயே ஏறிக்கவா?"

"கார்ல சீஃப் கெஸ்ட் வர்றாரும்மா. நீ பஸ்ல வந்துடு. நான் வாங்கித் தந்த பட்டுப்பொடவய கட்டிக்கினு வா."

"பஸ்ல கசங்கிப்பூடும்பா. பையில எடுத்தாறேன். அங்க வந்து கட்டிக்கிறேன்."

"சரி சரி, ஜல்தி வா."

அந்தச் 'சரி சரி'யைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்து நொந்துகொண்டானோ.

விழா பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. சங்கத்தின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அலெக்ஸ் மைக்கில் நம்பர் நம்பராக வாசித்தான். பெயர் வாசித்தால் நேரமாகும் என்பதும் அவன் யோசனைதான். ஒவ்வொருத்தியாக வந்து, சுப்பராயலு கையால் சேலை வாங்கி, போட்டோவுக்கு நின்று, இறங்கினார்கள்.

"அறுபத்து மூணு."

மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்தவள் அவன் அம்மா.

வெளுத்துப்போன நூல் சேலை. அக்குளில் இடுக்கிய துணிப்பை. பையில் பட்டுச் சேலை இருக்கிறது என்பது இந்த உலகத்தில் அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். ரோஜாவும் டோக்கனும் கொடுக்க வாசலில் நிறுத்தியிருந்த கலைப்பிரியா ஆளைப் பார்த்திருக்கிறாள், சேலை மாற்ற இடம் கேட்கும் முன்பே டோக்கனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். அவன் சொன்னபடி கச்சிதமாகச் செய்திருக்கிறாள்.

சவுரியம்மாளுக்கோ ஒரு வருத்தமும் இல்லை. மகன் சங்கத்தில் வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். மகன் குரலில் தன் நம்பரைக் கேட்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு படியேறினாள். சுப்பராயலுவைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். 'சொல்லேன்டா' என்று கேட்டது அந்தப் பார்வை.

அலெக்ஸின் வாய் திறந்தது. கீழே குஷன் நாற்காலிகள் தெரிந்தன. கரும்புத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அவன் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தான். அதில் நூறு எண்கள்தான் இருந்தன.

"செயலாளர் சாரும் ஒரு கை பிடிங்க" என்றார் போட்டோக்காரர்.

பிடித்தான். அம்மாவின் விரல்கள் சேலைக்கு அடியில் அவன் விரலில் பட்டன. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. சுப்பராயலுவைக் கும்பிட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி அவனையும் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க சார்."

மீதி முப்பத்தேழு நம்பரை எப்படி வாசித்தான் என்று அவனுக்குத் தெரியாது. அது முடிந்ததும் சுப்பராயலு மைக்கை வாங்கி, அடுத்த தலைவர் அலெக்ஸ் என்று அறிவித்தார். ஆளுயர மாலை விழுந்தது. பழைய தலைவர் தேவநாதன் அவன் தோளில் தட்டினார்.

"அம்மா வர்றாங்கன்னு சொன்னியே, எங்கப்பா? மேடைக்குக் கூப்புடு."

மைக் திறந்தே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க. வர முடியல."

மண்டபம் முழுக்க அவன் குரல் கேட்டது. இடது பக்கம் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

கேக் வெட்டினார்கள். தேவநாதன் ஒரு துண்டை அவனுக்கு ஊட்டினார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கியவன் எதிரே கலைப்பிரியா வந்து நின்றாள். கையில் அம்மாவின் துணிப்பை.

"சார், சேலை வாங்கினவங்கள்ல ஒரு அம்மா இதக் குடுத்துட்டுப் போனாங்க. உள்ள பட்டுப்பொடவ இருக்கு சார், பிரிக்காத பட்டு. உங்க அம்மாவுக்குக் குடுக்கணுமாம்."

அலெக்ஸ் பையை வாங்கவில்லை.

"வேற என்ன சொன்னாங்க?"

"தலைவரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாமே, மாதாகிட்ட வேண்டிக்கிறேன்னு சொல்லச் சொன்னாங்க. நல்ல மனசு சார். யாருங்க அவங்க, தெரிஞ்சவங்களா?"

ஒலிபெருக்கியில் கிறிஸ்து பிறப்புப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா" என்றான்.

"என்ன சார்? கேக்கல."

"எங்கம்மாங்க அது!"

கலைப்பிரியாவின் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ சார், நான்தான் டோக்கன..."

"நீங்க சரியாத்தான் பண்ணீங்க. தப்பு என்னுது."

பையைப் பிடுங்கிக்கொண்டு மாலையோடு ஓடினான். செருப்பு மேடைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரரிடம், நூல் சேலை கட்டிய ஓர் அம்மாள் இங்கே வந்தாளா என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"விழுப்புரம் பஸ்ல ஏறுனாங்களே, அவங்களா? இப்பத்தான் போவுது. அழுதுக்கினு இருந்தாங்க. யாருப்பா, உங்க அம்மாவா?"

முன்பின் தெரியாத அந்த ஆள் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிட்டார். அலெக்ஸ் ஆமாம் என்று தலையாட்டினான்.