சாம்பார் நிறப் பட்டு

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த நீல டிரம்மில், குப்பை தின்னும் ஈப்புழுக்கள் ஒரு வியாழக்கிழமை பட்டுக்கூடு கட்டின. அன்றைக்குச் சாம்பார் சாதம். கூடும் சாம்பார் நிறத்தில்தான் இருந்தது.

அதற்கு முன்னால் அவை பட்டுப்புழுக்கள் இல்லை. காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஒன்பதாவது படிக்கும் ரூக்ஷார், சமையல் கழிவை உரமாக்கும் அறிவியல் செயல்பாட்டுக்காக வளர்த்தவை, அவ்வளவுதான். காய்த்தோல், மிச்சச் சோறு, எதைப் போட்டாலும் கறுப்பாக, மண்வாசனையோடு உரமாக்கிவிடும். தின்னும்போது தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அதைக் கேட்கவே அவள் பள்ளிக்கு முதல் ஆளாக வந்துவிடுவாள். அவளுக்கு அதுகள் மேல் உயிர். தலைமையாசிரியர் கலியாணசுந்தரத்துக்கோ புழு என்றாலே குமட்டல். ஒரு புழு டிரம்மை விட்டு ஊர்ந்து அவர் அறைக்குள் போனதும் மனுஷன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். அங்கிருந்தபடியே, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

உத்தரவு சத்துணவு சமைக்கும் கங்கையம்மாளிடம் போனது. கொதிக்கும் தண்ணீர்த் தவலையோடு அவர் டிரம்முக்குக் கிளம்ப, ரூக்ஷார் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். "ஊத்தாதீங்க ஆயாம்மா, பாவம் அதுங்க!" அந்தம்மா தவலையை இறக்கிவைத்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். தறிக்காரர் வீட்டில் பிறந்து, பட்டு நூல் சுற்றியே கை காய்த்துப்போனவர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஊரெல்லாம் பட்டுதான், புழுவைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இல்லை. நூல் கர்நாடகத்திலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிற ஊர் இது. வெளுப்பாகக் கொழுகொழுவென்று நெளிந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"அய்யய்யோ, பட்டுப்புழுவாச்சே! கூடு கட்டாத புழு மேல எவனாவது கொதிதண்ணி ஊத்துவானா? நூலு வீணாப்பூடும்மா. கட்டட்டும், அப்பால ஊத்துறேன்."

இது ஈப்புழு என்று சொல்ல ரூக்ஷார் வாயைத் திறந்தாள். நல்ல வேளை, மூடிக்கொண்டாள்.

சேதி பரவிவிட்டது. நெசவாளர் தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து டிரம்மை எட்டிப் பார்த்து, "பட்டுப்புழுவா, அடேங்கப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் இத்தனை மரியாதையாகக் கூப்பிட்டால் புழுக்கள்தான் என்ன செய்யும்? கட்டிவிட்டன.

"கட்டியாச்சுல்ல? ஊத்துங்க!" என்றார் தலைமையாசிரியர். சொன்ன வாக்கை மீற முடியாமல் கங்கையம்மாள் தவலையைத் தூக்கினார். ரூக்ஷார் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ், என் மேல ஊத்துங்க!" ஆவி முகத்தில் அடித்தது. அப்போது கூடுகள் எல்லாம், உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பது போலத் தாமாகத் திறந்தன. கறுப்பு ஈக்கள் கிளம்பி, பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முட்டையிடுவதற்காக டிரம்முக்கே திரும்பின. கங்கையம்மாள் தவலையை வைத்துவிட்டு ஒரு கூட்டிலிருந்து நூலை இழுத்தார். அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. "கொல்லாம வந்த பட்டுடி!" என்று கத்தினார். ரூக்ஷார் சந்தோஷம் தாங்காமல் விசிலடித்தாள். தலைமையாசிரியர் எதிரில் நின்றிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மாவட்டக் கண்காட்சியில் பரிசை உரத்துக்குக் கொடுப்பதா, நூலுக்கா என்று குழம்பி இரண்டுக்கும் கொடுத்தார்கள். இப்போது கீரை நாளில் பச்சை வருகிறது, பீட்ரூட் நாளில் ஊதா. டிரம்மைத் தன் அறை வாசலுக்கே மாற்றிக்கொண்ட தலைமையாசிரியர், "நாளைக்கு பீட்ரூட் வையும்மா, என் துண்டுக்குக் கரை பாக்கி இருக்குது" என்று சமையல்கட்டில் வந்து நிற்கிறார். அந்தத் தவலையில் சத்துணவு முட்டை மட்டும்தான் வேகிறது.