எதிர்க்கடையில் ஓசி டீ

எண்ணூர் போகும் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எந்த இடத்தில் அசையாமல் நின்றுபோகுமோ, சரியாக அந்த இடத்தில்தான் ரமாபாய் நாஷ்டா கடை போட்டிருந்தாள். இட்லி, வடகறி, டீ. பன்னிரண்டு வருடமாக அவளுக்குப் போட்டி என்று யாரும் கிடையாது. அதனால் வியாபாரிகள் சங்கம் திருவொற்றியூரில் ஒரு பேச்சுக்கு அழைத்தபோது, மத்தியானச் சாப்பாடு உண்டு என்பதற்காகத்தான் போனாள்.

பேசியவர் மகிமா என்ற கல்லூரிப் பேராசிரியை. பழைய வியாபாரக் கதைகளில் இன்றைக்கும் பாடம் இருக்கிறது என்றார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட கதையைச் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்ததாம். அதுவும் போதாமல் கட்டணமே வேண்டாம், எங்கள் கப்பலில் ஏறினால் குடையும் இலவசம் என்றதாம். கடைசியில் சுதேசிக் கம்பெனிதான் மூழ்கியது.

ரமாபாய் எழுந்து நின்றாள். "மேடம், கொடைய வாங்கிகினு நம்ம கப்பல்ல ஏறினவங்க யாராச்சும் கீறாங்களா?"

கூட்டம் சிரித்தது. மகிமாவும் சிரித்துவிட்டு, "அவங்க கப்பல்ல ஏறினாத்தானேம்மா குடை" என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஹுமாயூன் சிரிக்கவில்லை. தண்டையார்பேட்டை வியாபாரி. ஓசியாகக் கொடுத்தவன்தான் ஜெயித்தான் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் ரமாபாயின் கடைக்கு நேர் எதிரே பளபளவென்று ஒரு கடை முளைத்தது. வாசலில் ஹுமாயூன். தலைக்கு மேலே பேனர்: 'ஒரு மாதம் அனைவருக்கும் டீ இலவசம்! சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி!'

அன்று காலை ரமாபாயின் குண்டானில் பாதி இட்லி அப்படியே கிடந்தது. அவளிடம் வாடிக்கையாகச் சாப்பிடும் டிரைவர் கோதண்டம் கூட எதிரே நின்று கிளாஸை ஊதிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் லாரிக்குப் பின்னால் ஒளிந்தான்.

தானும் வடகறி இலவசம் என்று எழுதிவிடலாமா என்று ரமாபாய் யோசித்தாள். நாலு நாள் தாங்காது. ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பேனரை மறுபடி ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். துடைத்த கை நின்றது.

"அட, கப்பல்ல ஏறாமலே கொட குடுக்கறாரே இந்தப் பாய்!"

மறுநாள் விடிந்தபோது அவள் டீ பாய்லரைத் தார்ப்பாயால் மூடியிருந்தாள். அதன்மேல் ஓர் அட்டை: 'இங்கு டீ இல்லை. எதிரில் இலவசம். இட்லி சாப்பிட்டுவிட்டு அங்கே போய்க் குடிக்கவும்.'

கோதண்டம் தயங்கித் தயங்கி வந்தான். "எக்கா, கோச்சுக்கினியா?"

"நா ஏன் நைனா கோச்சுக்கப்போறேன்? குந்து. நாலு இட்லி துன்னு. அப்பால அங்க போயி டீ குடி. ரெண்டு கிளாசா குடி, பாவம், அவ்ளோ ஆசையா ஊத்திக் குடுக்கறாரு."

செய்தி லாரி வரிசையில் பரவியது. பத்து நாளில் இந்தப் பக்கம் உட்கார இடமில்லை, அந்தப் பக்கம் பாலுக்குத் தட்டுப்பாடு. ஹுமாயூனின் இட்லியை மட்டும் யாரும் சீண்டவில்லை. அது சுவரில் அடித்தால் திரும்பி வரும் ஜாதி. பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் இனி இலவசம் என்று பேனரை மாற்றினார். "குடுத்துட்டுப் புடுங்கறியா பாய்?" என்று டிரைவர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். இரண்டாம் நாள் பழைய பேனரே மறுபடி ஏறியது.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அவரே சாலையைக் கடந்து வந்தார். கையில் ஒரு கிளாஸ் டீ. முகம் வெளுத்திருந்தது.

"இன்னாக்கா, நானும் நீயும் ஒரே கதையத்தான கேட்டோம்?"

"ஆமா பாய். நீ கொட குடுத்தவன் பக்கம் குந்திக்கினு கேட்ட. நா டிக்கெட் வாங்குறவன் பக்கம் குந்திக்கினு கேட்டேன்."

"இப்ப இன்னா பண்றது? கடைய இஸ்த்து மூடிடட்டுமா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் ரமாபாயின் குறும்பு கொஞ்சம் இறங்கியது. "ஏன் மூடணும்? அந்தக் கல்லு இட்லிய மொதல்ல நிறுத்து. டீய காசுக்குப் போடு. நா இனிமே பாய்லர் பத்த வெக்கப்போறதில்ல. இட்லி எங்கிட்ட, டீ ஒங்கிட்ட. எவன் எங்க குந்தினாலும் ரெண்டு பக்கமும் வந்துதான ஆகணும்?"

அவர் நம்பாமல் பார்த்தார். "இதுல ஒனக்கு இன்னாக்கா லாபம்?"

"காலைல மூணு மணிக்கு எழுந்து பால் காச்ச வேணாம். போ, போயி பேனர இறக்கு."

அவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ரமாபாய் அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. பன்னிரண்டு வருடம் அவள் போட்டதைவிட நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்லும் உத்தேசம் அவளுக்கு இல்லை.