கழுவி வைத்த டேலியா

மார்ச் கடைசியில் நிலவறைக்குப் போய் குளிர்காலத்துக்காக டேலியாக் கிழங்கை வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். உள்ளே கிழங்கு இல்லை. பழுப்புக் கூழ், அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. செத்த எலியை வினிகரில் ஊறப்போட்டது போல் நாறியது.

மூன்று வருடம் விதையிலிருந்து நான் வளர்த்த டேலியா. மஞ்சள் பூ, இதழ் நுனியில் மட்டும் புகை படிந்த மாதிரி ஒரு நிறம். வேறு யாரிடமும் இல்லை. ஒரே ஒரு கொத்துக் கிழங்கு. ஆகஸ்டில், ஓல்டன்பர்க் தோட்டச் சங்கக் கண்காட்சியில் புது ரகமென்று அதற்குப் பெயர் வைப்பதாக இருந்தேன்.

"ஜனவரியிலேயே நாறுச்சே, இம்கே," என்றான் என் கணவன் ஹென்னிங், படியில் நின்றபடி. "நீ என் பூட்ஸ்தான் நாறுதுன்னு தூக்கி வெளிய போட்ட."

"வாயை மூடு."

"இப்ப மூட வேண்டியது மூக்கைத்தான்."

முதல் உறைபனியில் இலை கருகியதும் கிழங்கைத் தோண்ட வேண்டும். தண்டிலுள்ள நீர் வடியத் தலைகீழாக வைத்து, பிறகு ஒட்டிய மண்ணோடு அப்படியே காய்ந்த மணலில் புதைக்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் முந்தைய குளிர்காலத்தில் அந்தத் தண்டின் துளையிலிருந்து வாலில் இடுக்கி மாதிரி உறுப்புள்ள பூச்சிகள் வந்து, துவைத்த துணிமேல் ஊர்ந்தன. அதனால் இந்த முறை ஒவ்வொரு கிழங்கையும் பிரஷ் போட்டுக் கழுவி, ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டப்பாவை இறுக மூடினேன். என் அருவருப்புதான் அதைக் கொன்றது.

கையுறை போட்டால் எது கெட்டி, எது கூழ் என்று தெரியாது. கழற்றிவிட்டுத் துழாவினேன். தொட்டதெல்லாம் நழுவியது. நகக்கண்ணில் ஏறியது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓடிப்போய்த் தோட்டத்தில் வாந்தியெடுத்தேன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கேஷெ நின்றிருந்தாள். நத்தை பிடிக்க வைத்த பீர் கிண்ணங்களில் செத்த நத்தைகள் மிதக்கும் தோட்டம் அவளுடையது. அக்டோபரில் தோண்ட உதவியபோது ஒரு துண்டு கேட்டாள். பிரிக்கும் அளவுக்குக் கொத்து பெருகவில்லை என்று பொய் சொன்னேன்.

"அழுகிடுச்சா?"

தலையசைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள். காய்ந்த மண்ணுக்குள் ஒரு கிழங்கு. அதன் கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு முளை.

"தோண்டுறப்போ ஒண்ணு உடைஞ்சு விழுந்துச்சு. பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடு, அடுப்புல சூப் இருக்கு."

"திருடுனியா?"

"கேட்டேன். நீ குடுக்கல."

மூக்கு சிந்திய கைக்குட்டையோடு என் கிழங்கு அவள் பாக்கெட்டில் கிடந்திருக்கும். குமட்டியது. அதைவிட, அவள் திருடியதற்காக எனக்குள் எழுந்த சந்தோஷம் குமட்டியது.

"பூக்கட்டும்," என்றேன். "அக்டோபர்ல தோண்டி ஆளுக்குப் பாதி."

"கழுவாம குடு."

பெட்டியை வாங்கினேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு இடுக்கிப் பூச்சி வெளியே வந்து, என் மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக் கைக்குள் நுழைந்தது. உதறினால் முளை முறியும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.